வெள்ளைக்குற்றிமேல் தவறில்லை

முதலில் அந்த ஜேசிபிக்காரருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள் சார். நம்பர் இதோ என் போனில் இருக்கிறது. பெயர் அனூஜ். உச்சக்கடைக்காரர், நல்ல மனிதர். காலைச் சாயாவைக் குடித்துவிட்டு இந்நேரம் வண்டியைக் கிளப்பியிருப்பார். ‘கொஞ்சம் பொறு, போலீஸ் சொல்கிறது’ என்று ஒரு வார்த்தை போதும். மற்றதையெல்லாம் பதறாமல் வரிசையாகச் சொல்கிறேன்.

எடுக்கவில்லையா? வண்டி ஓடும்போது அவருக்கு மணி கேட்காது. சற்றுக் கழித்து மறுபடி போடுங்கள்.

தமிழில் சொல்லலாம் அல்லவா? மலையாளமும் வரும். பாறசாலையில் பிறந்தவனுக்கு இரண்டும் ஒரே வாய்தான். ஆனால் ஒரு காரியத்தைச் சுற்றிவளைக்காமல் சொல்லவேண்டும் என்றால் வீட்டுப் பேச்சுதான் கைகொடுக்கும்.

என் பெயர் தாணுமாலயன். பாறசாலை ஜங்ஷனில் பிளெக்ஸ் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, கட்சி மாநாடு, எது வந்தாலும் அடிப்பேன். உங்கள் ஸ்டேஷன் வாசலில் ‘மழைக்காலத்தில் கடலில் இறங்காதீர்கள்’ என்று இரண்டு மொழியில் தொங்குகிறதே, அதுகூட என் கடைச் சரக்குதான். மூன்று மழை பார்த்தும் சாயம் போகவில்லை, கவனித்தீர்களா?

கடை போக எனக்கு இருந்தது ஒரே பழக்கம். கடலோர விளக்குகளைத் தேடிப் போவது. விழிஞ்ஞத்தில் இருக்கிற மாதிரி பெரிய கலங்கரை விளக்குகளைச் சொல்லவில்லை. அங்கே டிக்கெட் எடுத்து ஏறி எல்லோரும் செல்பி எடுத்துக்கொள்கிறார்கள். எனக்குப் பிடித்தவை யாரும் போகாத சின்ன விளக்குகள். அலைத்தடுப்புச் சுவரின் நுனியில் ஒரு இரும்புக் கம்பம், அதில் ஒரு பச்சைக் கூண்டு. ஒரு காலத்தில் பாய்க்கப்பலின் கயிற்றைக் கட்டிய, இப்போது பாதி மணலில் புதைந்து கிடக்கும் கல்தூண். கடலுக்குள் கொஞ்ச தூரம் போய், மனசு மாறியதுபோல நின்றுவிட்ட பழைய பாலம். பூவாரிலிருந்து குளச்சல் வரை இப்படி எத்தனையோ கிடக்கின்றன. எதற்கும் பெயர்ப் பலகை கிடையாது.

கூட வருவது ஜெயச்சந்திரன். நெய்யாற்றின்கரைக்காரன், பஸ் கண்டக்டர். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு விடுப்பு, என் கடைக்கும் விடுப்பு. அவனுடைய ஸ்கூட்டரில் கிளம்பிவிடுவோம். வழியெல்லாம் வாய் ஓயாது.

“அண்ணாச்சி, ஊரில ஒள்ளவன் எல்லாம் ஞாயித்துக்கிழமை பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு படகுச் சவாரி போறான். நாம ரெண்டு கெழவன்மாரும் துருப்பிடிச்ச கம்பியப் பாக்கப் போறோம். வெளியில சொன்னா நாணக்கேடாக்கும்.”

“எலே, உனக்கு நாணமாட்டு இருந்தா வராண்டாம். வீட்டில கெடந்து உறங்கு.”

“நான் வராட்டா வண்டி ஆரு ஓட்டுவா? நீரா? நீரு ஓட்டினா அடுத்த ஸ்டாப்பு ஆஸ்பத்திரியாக்கும்.”

என்னைவிட ஆறேழு வயது இளையவன். என் வீட்டில் சண்முகவடிவு தோசை வார்த்தால் அவனுக்கும் சேர்த்துத்தான் வார்ப்பாள். அவன் மனைவி குமாரி என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். இதெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏதோ பகையில் நடந்தது என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது.

அப்படித் திரிந்தபோதுதான் கொம்பன்துறையில் வெள்ளைக்குற்றியைக் கண்டோம். நீங்கள் பார்த்திருப்பீர்கள். தென்னையில் பாதி உயரம், சுண்ணாம்பு அடித்த வட்டமான கல் கட்டு, மேலே விளக்கு வைக்கும் இரும்புக் கூண்டு, கண்ணாடி இல்லாமல். கயிறும் கருப்பட்டியும் பாய்க்கப்பலில் ஏறிய காலத்தில் அதில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்ததாம். விளக்குகளின் அரசுப் பட்டியல் எதிலும் அது இல்லை. நான் தேடாத இடம் இல்லை. பட்டியலில் இல்லாத ஒன்றை முதன்முதலாகக் கண்டு சொல்வது என்பது, சார், பிள்ளை இல்லாதவனுக்குப் பிள்ளை பிறந்த மாதிரி. எனக்குப் பிள்ளை இல்லை.

அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் பத்ரோஸ் வந்தார். அந்தத் துறையில் பைபர் படகு வைத்திருக்கிறவர். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

“சாரே, இதில வெளக்கு எரிஞ்சது எங்க அப்பன் பொறக்குமுன்ன. இப்பம் இது கணிச்சமாக்கும்.”

கணிச்சம் என்றால் கடலில் இருந்துகொண்டு கரையில் பார்க்கிற அடையாளம். குற்றி கரையை ஒட்டி முன்னால் நிற்கிறது. அதற்குப் பின்னால், மேட்டில், சர்ச்சின் சிலுவை. கொம்பன்துறைக்குள் நுழையும் இடத்தில் தண்ணீருக்கடியில் இரண்டு பாறை. நடுவில் ஒரு படகு போகிற சந்து. கடலில் வருகிறவன் கண்ணுக்குச் சிலுவையும் குற்றியும் ஒன்றின்பின் ஒன்றாக நேரே நின்றால் சந்து திறந்திருக்கிறது என்று அர்த்தம். விலகித் தெரிந்தால் பாறை.

“அப்படீன்னா குருசு டிரைவர், குற்றி கண்டக்டர்” என்றான் ஜெயச்சந்திரன்.

“அதேதான் சாரே. கண்டக்டர் இல்லாட்டா வண்டி எங்க போவும்?”

“எங்க டிப்போ வண்டி கண்டக்டர் இருந்தும் போற எடத்துக்குப் போவாது மக்கா.”

மூவரும் சிரித்தோம். பிறகு ஓண விடுப்பில் மறுபடி போனபோது பத்ரோஸ் எங்களைப் படகில் ஏற்றி, சந்துக்கு வெளியே கொண்டுபோய்க் காட்டினார். தென்னந்தோப்பின் பச்சையில் அந்த ஒரு வெள்ளைதான் பளிச்சென்று நிற்கிறது. எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது, வாந்தி எடுத்தேன். ஆனாலும் அதைப் பார்த்தேன்.

அதன்பிறகு துறைமுக வேலை வந்தது. அலைத்தடுப்புக்குக் கல் கொண்டுவரும் லாரிக்கு வழி வேண்டும், வழியில் குற்றி நிற்கிறது, இடிக்கவேண்டும். நான் மனுமேல் மனு கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில், அது பட்டியலில் இல்லை. கடைசியாக நேரில் போனேன். ஆர்யா என்று ஒரு இளம் இன்ஜினியர். நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, முழுவதும் கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

“சாரே, எல்லா படகிலும் இப்பம் ஜிபிஎஸ் உண்டு. இந்தக் குற்றி இல்லாம போனா ஆராவது சாவுமா?”

அந்தப் பெண்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. மரியாதையாகத்தான் கேட்டாள். கேள்வியும் நியாயமானது. பஸ்ஸில் திரும்பி வரும்போது அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். ஒரு பொருள் தேவையா இல்லையா என்று அரசாங்கம் எப்படிக் கண்டுபிடிக்கும்? அது இல்லாதபோது என்ன நடக்கிறது என்று பார்த்துத்தான். குற்றி எப்போதும் இருந்துகொண்டே இருந்தது. அதனால் அது இல்லாத ஒரு நாளை யாரும் பார்த்ததே இல்லை.

குறை அதுதான். அதை ஒருவர் நிவர்த்தி செய்யவேண்டியிருந்தது.

மறுபடி போட்டுப் பாருங்கள் சார். எடுக்கவில்லையா? சரி.

குற்றிக்கு நானே பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்று ஊர்க் கமிட்டியிடம் கேட்டேன். சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்கள். சவுக்குக் கம்பால் சாரம் கட்டினேன். கட்டடம் கட்டுகிற இடத்தில் தூசி பறக்காமல் பச்சை வலை தொங்கவிடுவார்கள் அல்லவா, அதை வாங்கி உச்சியில் சுருட்டிக் கட்டினேன். கயிற்றை அவிழ்த்தால் புடவை மாதிரி இறங்கிக் குற்றியை மூடிவிடும். தென்னந்தோப்புக்கு முன்னால் அந்தப் பச்சை நின்றால் கடலில் இருந்து பார்க்கிறவனுக்குத் தோப்பு மட்டும்தான்.

முதலில் அவ்வளவுதான் நினைத்திருந்தேன். பிறகு யோசித்தேன். குற்றி தெரியவில்லை என்றால் பத்ரோஸ் மாதிரி ஆள் உள்ளே வரமாட்டார். திரும்பித் தேங்காப்பட்டணம் துறைமுகத்துக்குப் போய்விடுவார். நல்லபடியாகக் கரையேறுவார். அதனால் எதுவும் நிரூபணமாகாது.

எனவே கடையில் ஒரு பிளெக்ஸ் எடுத்தேன். எதுவும் அடிக்காத வெறும் வெள்ளை. குற்றியின் அகலத்துக்கு வெட்டி, அதன் உயரத்துக்குச் சட்டம் அடித்தேன். தொழில்காரன் என்பதால் சொல்கிறேன், தூரத்தில் சுண்ணாம்பு வெள்ளையைவிடப் பிளெக்ஸ் வெள்ளை எடுப்பாகத் தெரியும். அதைக் குற்றிக்குத் தெற்கே, வலைக் கொட்டகைக்குப் பக்கத்தில் மணலில் படுக்கப் போட்டுவைத்தேன். வரவேற்புப் பலகைக்குச் சட்டம் என்று சொன்னேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

தெற்கே நிற்கிற வெள்ளையையும் சிலுவையையும் நேராக்கினால் படகு எங்கே வரும் என்று தாளில் கோடு போட்டுப் பார்த்தேன். தெற்குப் பாறையின் நடுமுதுகு.

நாள் குறிக்கிறதில் சிரமம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தத் துறையில் யாரும் கடலில் இறங்கமாட்டார்கள். கடற்கரை மக்களுக்கு அது கட்டாயம். காலைப் பூசை, மதியம் இறைச்சிச் சோறு, பிறகு உறக்கம். கரையில் ஆள் இருக்காது. மழையும் சேர்ந்துவிட்டால் நாய்கூட இருக்காது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை படகு எப்படி இறங்கும் என்று கேட்பீர்கள். நான்தான் இறக்கினேன். பத்ரோஸ் வீட்டுக்குப் போய், குற்றியைக் கடலில் இருந்து ஒரு படம் எடுக்கவேண்டும், அடுத்த வாரம் பெரிய அதிகாரிமுன் விசாரணை, படம் இல்லையென்றால் குற்றி போய்விடும், ஜெயச்சந்திரனுக்கு ஞாயிறு மட்டும்தான் விடுப்பு என்றேன்.

“ஞாயித்துக்கிழமை படகு தள்ளப்பிடாது சாரே. ஊர் என்னைப் பள்ளியில பூசைக்கு ஏத்தாது.”

“பூசை முடிஞ்சு போனாப் போதும் பத்ரோஸே. மீன் பிடிக்கவா போறீரு? உங்க கணிச்சத்தைக் காப்பாத்தத்தான போறீரு. கர்த்தர் கோவிச்சுக்க மாட்டாரு.”

அவர் எழுந்து வாசலுக்கு வந்து குற்றி இருக்கும் பக்கம் பார்த்தார். பிறகு, “குற்றிக்கு வேண்டியாக்கும். வேற ஒண்ணுக்கும் இல்ல” என்றார். குற்றிமேல் அவ்வளவு பிரியம். அந்த ஒரு விஷயத்தில் நாங்கள் இருவரும் ஒன்று.

போகும்போது குற்றி வெள்ளையாக நின்றது. எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்று அவர்களுக்குத் தெரியும், கூப்பிடவில்லை. ஜெயச்சந்திரன் மஞ்சள் மழைக்கோட்டு போட்டிருந்தான். “அண்ணாச்சி, நல்ல படம் கிட்டினா நாளைக்கு உங்க கடையில ஆளுயரத்துக்குப் பிளெக்ஸ் அடிக்கணும். குற்றிக்கில்ல, எனக்கு” என்றான். அடிக்கிறேன்டே என்றேன். அடித்தும் கொடுத்தேன். நெய்யாற்றின்கரையில் நாலு இடத்தில் கட்டினார்கள்.

குற்றியை எடுத்து முடித்ததும் தேங்காப்பட்டணம் துறைமுக விளக்கையும் ஒரு படம் எடுத்துவரச் சொல்லியிருந்தேன். அந்தப் பக்கம் அவர்கள் கண்ணைவிட்டு மறைந்ததும் வலையின் கயிற்றை அவிழ்த்தேன். பிளெக்ஸைத் தூக்கி நிறுத்திக் கொட்டகைக் கம்பில் கட்டினேன். மதியத்துக்குமேல் மழை வந்தது. கடலும் எழும்பியது.

படகு பாறையில் ஏறிய சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை சார். தேங்காய் விழுந்த மாதிரி. அலை வந்து புரட்டியது. நான் பிளெக்ஸை இறக்கினேன். பிறகுதான் கத்தினேன். ஊர் ஓடிவந்தபோது எல்லோரும் கடலைத்தான் பார்த்தார்கள். கரையில் எது எங்கே நின்றது என்று அன்றைக்கு யார் பார்ப்பார்கள்?

பத்ரோஸ் நீந்திக் கரையேறினார். ஜெயச்சந்திரனை அலை கொண்டுவந்து போட்டது. ரோடு வரை தூக்கிப்போக விரிப்பு ஒன்று வேண்டியிருந்தது. பிளெக்ஸ் கையில் இருந்தது. சட்டத்தைக் கழற்றிவிட்டு அதில்தான் கிடத்தினோம். தலைமாட்டில் நான் பிடித்துக்கொண்டேன். அந்தப் பிளெக்ஸை அதன்பின் யாரும் தேடவில்லை. அவனோடு ஆம்புலன்ஸில் போனது.

அழுதேனா என்றால், அழுதேன். நடிப்பு இல்லை. வீட்டுக்கு வந்து மூன்று நாள் சாப்பிடவில்லை. சண்முகவடிவைக் கேட்டுப் பாருங்கள்.

ஏன் ஜெயச்சந்திரன் என்றால், அதுவும் யோசித்துச் செய்ததுதான். ஒவ்வொரு மழைக்கும் இந்தக் கடற்கரையில் ஒருவர் இருவர் போகிறார்கள். என் கடைக்கே அந்தக் கண்ணீர் அஞ்சலி வரும், அடித்துக் கொடுப்பேன். பேப்பரில் உள்பக்கத்தில் நாலு வரி. அதற்காக எந்தக் குற்றியையும் யாரும் காப்பாற்றிவைக்கமாட்டார்கள். வெளியில் இருந்து ஒருவன் வேண்டும். அரசாங்க வேலைக்காரன், யூனியன் உள்ளவன், சிரித்த முகம். பழைய விளக்கைப் படம் எடுக்கப் போய் உயிரைவிட்டான் என்றால் மந்திரி வருவார். குற்றிக்கு அவன் பெயர் வைப்பார்கள். பெயர் வைத்ததை இடிக்கமாட்டார்கள். அவனுக்கும் அது ஒரு கௌரவம் என்று உண்மையாகவே நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கணக்கில் வேறொன்று பிசகியது.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை கடலில் இறங்கினான், கடல் உயிர் கேட்டது. அவ்வளவுதான். பத்ரோஸைச் சர்ச்சுக்குள் விடவில்லை. அவரோ, கணிச்சம் தனக்குத் தெற்றிவிட்டது, தவறிவிட்டது என்று மட்டும் சொன்னார். விசாரணைக்கு வந்தவர்கள், பழைய குற்றி பராமரிப்பில் மூடிக் கிடந்ததால் படகுக்காரருக்குக் குழப்பம் வந்தது, இப்படிப்பட்ட அடையாளங்களை நம்புவது ஆபத்து, உடனே அகற்றவேண்டும் என்று எழுதினார்கள். லாரிக்கு வழி என்பதற்காக இடிக்கவிருந்ததை, இப்போது கொலைக்குற்றம் சாட்டி இடிக்கிறார்கள்.

பெயர் வைக்கச் சொல்லி நான் எழுதிய மனுவில் கையெழுத்து வாங்கக் குமாரியிடம் போனேன். மகள் நந்தனா கதவைத் திறந்தாள். குமாரி மனுவை வாங்கவே இல்லை.

“அண்ணா, அந்தக் குற்றி நிக்கிறவரை எனக்கு உறக்கம் வராது. அதுதான் அவரைக் கொண்டுபோச்சு. அதைப் பிடுங்கிக் கடல்ல எறியணும். நீங்கதான் முன்னால நிக்கணும்.”

“குமாரி, அது கல்லு. அது என்ன செய்யும்?”

“உங்களுக்குக் கல்லு. எனக்கு அவரைக் கொன்னதாக்கும். எனக்கு வேற ஆரு உண்டு அண்ணா? சமரத்துக்கு ஒரு பிளெக்ஸ் வேணும். உங்க கடையிலயே அடிச்சுத் தாங்க.”

‘உயிர் குடித்த குற்றியை அகற்று’. மலையாளத்திலும் தமிழிலும். அடித்துக் கொடுத்தேன் சார், ஒரு எழுத்துப் பிழை இல்லாமல். அதைப் பிடித்துக்கொண்டு அவள் மழையில் போராட்டத்துக்கு உட்கார்ந்தாள். டிவியில் வந்தது. மந்திரியும் வந்தார். நான் நினைத்தமாதிரியே எல்லோரும் வந்தார்கள். வந்து, அவள் கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அதனால்தான் இன்றைக்கு முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தேன். எனக்காக வரவில்லை. செய்யாத குற்றத்துக்கு ஒன்று தண்டனை வாங்குவதைப் பார்த்துக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை. குற்றி அது நிற்கவேண்டிய இடத்தில்தான் நின்றது. யாரையும் தவறாகக் காட்டவில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

என்ன சார்? இறந்தது இரண்டு பேரா?

ஆமாம். சரிதான். படகில் இன்னொருவர் இருந்தார். சொல்ல விட்டுப்போய்விட்டது. நிஜின். பத்ரோஸின் மகளைக் கட்டியவர். கல்யாண பிளெக்ஸ் அடித்தது நான்தான், அதனால் முகம் நினைவிருக்கிறது. அவரை இன்றுவரை கடல் கொடுக்கவில்லை. பத்ரோஸின் மகள் அப்பனிடம் பேசுவதில்லை என்று கேள்வி. வருத்தம்தான். ஆனால் அவரை நான் குறிவைக்கவில்லை, அதைக் கவனித்துக்கொள்ளுங்கள். படகில் கூடமாட ஒரு கை வேண்டுமே, வந்திருந்தார்.

உங்கள் போன் சார். அனூஜா? பேசுங்கள்.

என்ன சொல்கிறார்? மேல்பாதி விழுந்துவிட்டதா? கூண்டும் போயிற்றா? கீழ்ப்பாதி நிற்கிறது இல்லையா? பாதி போதும். பாதியை வைத்துக் கட்டிக்கொள்ளலாம். வண்டியை அணைக்கச் சொல்லுங்கள். அவர் இன்னும் அணைக்கவில்லை, எனக்கு இங்கிருந்தே சத்தம் கேட்கிறது.

வைத்துவிட்டாரா?

சரி.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. நாற்பது வருஷம் கடலைப் பார்த்த பத்ரோஸ் ஒரு பிளெக்ஸில் ஏமாறுவாரா என்கிறீர்கள். இதை நான் எங்கும் சொல்லவில்லை. குற்றி முழுசாக நின்றிருந்தால் இப்போதும் சொல்லியிருக்கமாட்டேன்.

அவர் ஏமாறவில்லை சார். அலைக்கு வெளியே வந்து எஞ்சினைத் தாழ்த்திவிட்டுப் படகை நிறுத்திவிட்டார். அலைமேல் அலை போகிறது, படகு உள்ளே வரவே இல்லை. எதுவோ சரியில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பின்னால் எஞ்சினைப் பிடித்தபடி கரையையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்னும் கொஞ்சம் நின்றிருந்தால் திரும்பியிருப்பார். நான் கொட்டகைக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மனசுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது, பொய் சொல்லவில்லை.

அப்போது என் போன் அடித்தது. படகின் முன்னால் மழைக்குள் மங்கலாக ஒரு மஞ்சள், காதில் கையை வைத்துக்கொண்டு. ஜெயச்சந்திரன்.

“அண்ணாச்சி, பத்ரோஸுக்கு ஒரு சம்சயம். திரும்பிப் போலாம்ங்கிறாரு. இங்கேருந்து ஒரு வெள்ளை தெரியுது. உங்களை விட்டா நான் ஆரைக் கேக்க? நீரு கரையில நிக்கீரு இல்லியா, பாத்துச் சொல்லும். அது நம்ம குற்றிதானே?”

“அதேதான்டே” என்றேன். “நேரே வா.”